ஆத்தங்குடி பெரிய வீடா, இடிஞ்ச வீடா?

காரைக்குடி பக்கம் ஒரு நாள்தான் இருக்கு, எதைப் பாக்கலாம்னு கேட்டா என் ஓட்டு இடிஞ்ச வீட்டுக்குத்தான், அதாவது பராமரிப்பு இல்லாம கெடக்குற பழைய செட்டியார் வீடு. நல்லா பராமரிக்கிற செட்டியார் பங்களாவான ஆத்தங்குடி பெரிய வீடு சூப்பர், இல்லைன்னு சொல்லல. டிக்கெட் வாங்கிட்டு உள்ள போனா கூரையில பெயின்ட்டிங், பளபளன்னு தரை, எல்லாம் பக்காவா இருக்கும், குழந்தைங்க, வயசானவங்க கூட வந்தா அதுதான் சரி. ஆனா சனி ஞாயிறு கூட்டம், எந்தத் தூண்கிட்ட நின்னாலும் யாராவது செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க.

இடிஞ்ச வீடு வேற மாதிரி. மேல ஓடு சரிஞ்சு, வளவுல (வீட்டு நடு முற்றம்) செடி மொளச்சு கெடக்கும், ஆனா சுவர் பேந்த எடத்துலதான் உள்ள செங்கல் எப்படி அடுக்கியிருக்காங்க, மேல சுண்ணாம்பு எத்தனை பூச்சு பூசியிருக்காங்கன்னு தெரியும், கடைசிப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு சேர்த்தாங்களாம், தொட்டுப் பாத்தா இன்னும் வழுவழுன்னு இருக்கு! பர்மா தேக்குத் தூண் இருந்த எடத்துல வெறும் கல்லு மட்டும் நிக்கும், தூணு கதவெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைக்குப் போயிருக்கலாம். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் அங்க செட்டியாருங்க பண்ணிட்டு இருந்த வட்டித்தொழில் படுத்துச்சு, அப்புறம் ஒரு வீட்டுக்கு பத்து இருபது பங்காளி, யாரு ஓடு மாத்துறது?

ஒண்ணு, பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட கேட்டுட்டு உள்ள போங்க, மாடி ஏறாதீங்க, மழைக்காலத்துல பக்கத்துலயே போகாதீங்க.