காலின்ஸா, சேகனா?

விண்வெளி பற்றி ஒரே ஒரு புத்தகம் படிப்பேன் என்பவருக்கு எதைக் கொடுப்பது? என் அலமாரியில் இரண்டு இருக்கின்றன.

மைக்கேல் காலின்ஸின் 'கேரியிங் தி ஃபயர்' 1974-இல் வந்தது. அப்பல்லோ 11-இல் போயும் நிலவில் கால் வைக்காதவர் அவர். வேறு ஆளை வைத்து எழுதாமல் தானே எழுதியிருக்கிறார். வரிக்கு வரி அது தெரிகிறது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கீழே நிலவில் இருக்க, இவர் தனியாகச் சுற்றுகிறார். நிலவுக்குப் பின்னால் போனால் முக்கால் மணி நேரம் ரேடியோ கிடையாது. ஆனால் தனிமை அவரை வாட்டவில்லை. கீழே இருப்பவர்களின் கலம் கிளம்பாவிட்டால் தான் மட்டும் வீடு திரும்ப வேண்டுமே, அதுதான் பயம். அவர்களை எட்டிப்பிடிக்க 18 வழிகள் குறித்த கையேட்டைக் கழுத்தில் மாட்டியிருந்தாராம். தொடக்கத்தில் வரும் சோதனை விமானி கதைகள் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வானியலாளர் கார்ல் சேகனின் 'பேல் ப்ளூ டாட்' (1994) வேறு ரகம். 1990 பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கி.மீ. தொலைவிலிருந்து வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படத்தில் பூமி ஒரு பிக்சல்கூட இல்லை. அந்தப் பகுதிக்காகவே வாங்கலாம். அப்புறம் வரும் கோள்கள் பற்றிய தகவல்கள் பழசாகிவிட்டன: சனியின் நிலவான டைட்டனில் ஹைகன்ஸ் கலம் இறங்கியது 2005-இல், புளூட்டோவை நியூ ஹொரைசன்ஸ் கலம் கடந்தது 2015-இல். சில இடங்களில் பிரசங்க வாடையும் உண்டு.

நான் காலின்ஸைத்தான் முதலில் கொடுப்பேன். பள்ளிப் பிள்ளை கேட்டால் மட்டும் சேகன், அதுவும் படங்கள் உள்ள பழைய பதிப்பு கிடைத்தால்.