கடலோர வீட்டில் பழைய படங்கள்: சின்ன புரொஜெக்டருடன் நீண்ட நாள் அனுபவம்

சின்ன வயதில் பார்த்த எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை வீட்டாரோடு உட்கார்ந்து பார்க்கவென்றே ஒரு எல்.இ.டி. புரொஜெக்டர் வாங்கி, சில வருடங்களாக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ரகம். புதுப் படங்களுக்கு இது போதாது. பழைய படங்களுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் படத்துக்குச் செலவழிப்பதைவிடச் சத்தத்துக்குச் செலவழியுங்கள்.

ஏன் என்றால், எங்கள் பக்கம் இந்தப் படங்கள் முதலில் காது வழியாகத்தான் வந்தன. கல்யாணமோ காதுகுத்தோ, வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிய கையோடு 'திருவிளையாடல்' கதை வசன கேசட்டைப் போட்டுவிடுவார்கள். தருமி மண்டபத்தில் புலம்புகிற இடம் படம் பார்க்காத பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இலங்கை வானொலி கடலைத் தாண்டி அத்தனை தெளிவாகக் கேட்கும். டி.வி. வந்த காலத்திலும் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டித் திருப்பினால் இலங்கை டி.வி.யான ரூபவாஹினி கிடைத்தது. சென்னையைவிடக் கொழும்புதான் எங்களுக்குப் பக்கம். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியதெல்லாம் அப்புறம். நடுவில் வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டிய ராத்திரிகள் உண்டு. மூன்றாவது படத்தில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், வசனம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

அதனால் வசனம் சரியாகக் கேட்காவிட்டால் எங்களுக்கு அது அந்தப் படமே இல்லை. புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். சிவாஜி குரலை ஏற்றும் இடத்தில் கரகரவென்று உடைகிறது. இந்தப் படங்களின் ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. நல்ல ஸ்பீக்கர் ஒன்றைச் சுவருக்கு அடியில், படத்துக்கு நேர் நடுவில் வைத்தால் போதும். சரவுண்ட் என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். வசனம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும்.

இன்னொரு விஷயம், வேகம். பழைய படங்கள் விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் எடுக்கப்பட்டவை. நம் டி.வி. முறைக்கு 25 ஃபிரேம் வேண்டும் என்பதால், பழைய வி.சி.டி.களிலும் ஒளிபரப்புப் பிரதிகளிலும் பல படங்களை அப்படியே கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பதிந்துவிட்டார்கள். மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் காணாமல் போகும். டி.எம்.எஸ். குரல் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிக் கேட்கும். கேசட்டில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே உறுத்தும். அந்தமாதிரிப் பிரதி என்றால் லேப்டாப்பில் 0.96 வேகத்தில் ஓட்டி, சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதியையும் அணைத்துவிடுகிறேன். குரல் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது.

சட்டக அளவிலும் கவனம் வேண்டும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத் திரை) படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்கள் எல்லாமே ஏறக்குறைய சதுரமானவை. அவற்றை அகலத் திரைக்கு இழுத்தால் சாவித்திரி முகம் வீங்கிவிடுகிறது. வெட்டி நிரப்பினால் தலை போய்விடுகிறது. யூடியூபில் கிடைக்கும் பல பிரதிகளில் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது, மூலையில் ஒரு முத்திரை வேறு. இழுத்துவிட்ட பிரதி என்றால் புரொஜெக்டரில் 4:3 என்று வைத்ததும் சரியாகிவிடும். வெட்டிய பிரதிக்கு மருந்து இல்லை. பாட்டுகளையும் எடுத்துவிடுகிறார்கள். "இந்த இடத்துல பாட்டு வரணுமேடா, எங்க?" என்று அம்மா கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு படத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை முழுசாகக் கொடுக்க வேண்டாமா? 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலாகச் சீர்செய்து திரையரங்குக்கே திரும்பி வந்து ஓடியது. அக்கறையாகச் செய்தால் கூட்டம் வரும் என்று காட்டிய படம் அது.

சரி, கருவி எப்படித் தாங்கியது? பெட்டியில் 4கே என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 720 வரிதான். கறுப்பு வெள்ளைக்கு அது போதும். திரைத்துணி எங்கள் ஊருக்கு ஒத்துவராது. கச்சான் காற்று கிளம்பினால் மாடியில் எதையும் கட்ட முடியாது, அதனால் முன்னறைச் சுவரை வெள்ளையடித்துக்கொண்டோம். உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. முதல் மழைக்காலத்திலேயே ஹெச்.டி.எம்.ஐ. முனையில் பச்சை பிடித்தது. இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். மழை நாட்களில் படம் பார்க்காவிட்டாலும் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன், அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். லென்ஸுக்குப் பின்னால் தூசி புகுந்து புள்ளி விழுவதை மட்டும் தடுக்க முடியவில்லை.

இன்னொரு குறை மெதுவாகத் தெரிந்தது. விளக்கின் சூட்டில் உள்ளே ஒளியை வடிகட்டும் போலரைசர் தாள் வெந்து, படத்தின் நடுவில் மஞ்சள் திட்டு விழுந்திருக்கிறது. வண்ணப் படத்தில் தெரியாது. கறுப்பு வெள்ளையில் வெள்ளை வேட்டி, நிலவொளிக் காட்சி வரும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. 'நாடோடி மன்னன்' பார்த்தபோது முன்பாதி முழுக்க அந்தத் திட்டு இருந்தது; பிற்பகுதி வண்ணத்துக்கு மாறியதும் மறைந்துபோனது.

வீடு நிறைவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில்தான். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் பெரியப்பாவும் அக்கம்பக்கத்தாரும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதிகமாகக் கேட்கப்படுவது 'படகோட்டி'. படகு வரும் காட்சிகளில் துடுப்புப் பிடிக்கும் விதத்தைப் பெரியப்பா விடாமல் விமர்சிப்பார், பாட்டு வந்தால் அமைதியாகிவிடுவார். 1964 தீபாவளிக்கு வந்த படம். அடுத்த மாதமே தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. "படம் வந்த மறு மாசந்தான்டா புயலு" என்பார் அம்மா. எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தப் படம் எப்போது வந்தது என்று கேட்டால் வருடம் சொல்ல மாட்டார்கள், புயலை வைத்துத்தான் சொல்வார்கள்.

போலரைசர் தாள் தனியாக விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் அதை மாற்றிவிட உத்தேசம். ஸ்பீக்கர் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை.