ஸ்குவிடில் கோப்புத் தடை: பெயரைப் பார்ப்பதா, வகையைப் பார்ப்பதா?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு துணைப்பாட நிலையத்தில் தொண்டூழியராக இணையத்தைக் கவனித்துக்கொள்கிறேன். 12 கணினிகளுக்கும் ஒரே ஸ்குவிட் ப்ராக்ஸி, அதாவது கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளை வடிகட்டும் இடைநிலை மென்பொருள். பிள்ளைகள் கண்ட நிரலையும் இறக்கக் கூடாது என்பதுதான் தேவை.

எல்லாரும் முதலில் எழுதுவது 'யூஆர்எல்பாத் ரீஜெக்ஸ்' விதி. முகவரியில் தளப்பெயருக்குப் பின் வரும் பாதையில் ஓர் எழுத்து வடிவத்தைத் தேடும் விதி இது. முகவரி 'டாட் இஎக்ஸ்இ' என்று முடிந்தால் மறுப்பு. கோரிக்கை வெளியே போகும் முன்பே நின்றுவிடுவதால் ஒரு பைட்கூட வீணாகாது. ஆனால் வாலில் கேள்விக்குறியும் பதிப்பு எண்ணும் ஒட்டியிருந்தால், 'இதோடு முடிய வேண்டும்' என்று சொல்லும் டாலர் குறியோடு எழுதிய விதி கோட்டை விட்டுவிடும். 'டவுன்லோட் டாட் பிஎச்பி' எதைத் தரும் என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. 'டாட் காம்' என்பதும் பழைய நிரல் வகைதான். அதைச் சேர்க்கும்போது பாதையை விட்டுவிட்டு முழு முகவரியையும் தேடும் விதியை எழுதினால் பாதி இணையம் மூடிக்கொள்ளும்.

'ரெப் மைம் டைப்' விதியோ சர்வர் அனுப்பும் பதிலின் தலைப்பில் உள்ள கோப்பு வகையை (மைம் வகை) படிக்கிறது. கோப்பின் பெயர் மாறினாலும் பிடிபடும். இது 'எச்டிடிபி ரிப்ளை ஆக்சஸ்' போல, பதில் வந்த பிறகு பார்க்கும் வரிகளில் மட்டுமே வேலை செய்யும். நான் கோரிக்கையை மட்டும் பார்க்கும் 'எச்டிடிபி ஆக்சஸ்' வரியில் எழுதிவிட்டு ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் தவித்தேன். சர்வர் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ஆக்டெட் ஸ்ட்ரீம்' (வகை குறிப்பிடாத வெறும் பைட்டுகள்) என்று சொன்னால் இதுவும் தடுமாறும். அந்த வகையையே தடுத்தால் ஆசிரியர்களின் பயிற்சித்தாள்களும் சிக்கலாம்.

ப்ராக்ஸி கோப்பை வேறொரு சோதனை நிரலுக்கு அனுப்ப உதவும் ஐகேப் நெறிமுறை வழியாகக் கோப்பின் முதல் பைட்டுகளையே சோதிக்கலாம். விண்டோஸ் நிரல் என்றால் 'எம்இசட்' என்று தொடங்கும். துல்லியமானது, ஆனால் எங்கள் பழைய கணினிக்குப் பாரம்.

மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் வந்தால் மூன்றுக்குமே கண் தெரியாது. 'கனெக்ட்' கோரிக்கையில் தளப்பெயரும் 443 என்ற போர்ட்டும்தான் தெரியும். உள்ளே பார்க்க, ப்ராக்ஸியே மறையாக்கத்தைப் பிரித்துப் படிக்கும் எஸ்எஸ்எல் பம்ப் வேண்டும், ஒவ்வொரு கருவியிலும் நம் சான்றிதழை நிறுவ வேண்டும். நிலையத்துக் கணினிகளில் அதைச் செய்தேன். சிங்பாஸ் (அரசு மின்னடையாளச் சேவை), வங்கித் தளங்களைப் பிரிக்காமல் விட்டேன். மைம் விதியை அங்கே வைத்து, நிரல் நிறுவும் உரிமையையும் மாணவர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலும் சான்றிதழைப் போடச் சொன்னார்கள் நிலையத்தார். மறுத்துவிட்டேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012 ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பிள்ளையின் கடவுச்சொல்லும் அம்மாவுக்கு அனுப்பும் செய்தியும் என் ப்ராக்ஸியில் திறந்து கிடப்பதை என்னால் ஏற்க முடியாது. அவற்றுக்குத் தனி வைஃபை கொடுத்து, தளப்பெயர்த் தடை மட்டும் போட்டிருக்கிறேன்.