செம்மண், பாலைப்பழம், வெள்ளைச் சட்டை: 4 வருடக் கிணற்றடி அனுபவம்

இலங்கையின் வடக்கில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதிப் பக்கம் எங்கள் வீடு. வளவு முழுக்கச் செம்மண். மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி 4 வருடம், சின்னவள் இந்த வருடம்தான் போகிறாள். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளை உடுப்பு. பார் சவர்க்காரம், சலவைத்தூள், குளோரின் திரவம், ஒக்சிஜன் பவுடர், தேசிக்காய் என்று எல்லாவற்றையும் கறை எடுக்க மாறி மாறிப் பாவித்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வருடம் செம்மண்ணோடு நான் பட்ட பாடு பெரிது. மகன் வந்து சட்டையைக் கழற்றிய உடனே வாளித் தண்ணீரில் போட்டுவிடுவேன். அதுதான் பிழை. செம்மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது இரும்பு ஒக்சைட்டு. மண் துகளோ மாவைவிட நுண்ணியது. நனைத்துக் கசக்கினால் நூலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஒருநாள் அம்மா பார்த்துக்கொண்டு நின்று, "தண்ணியில போடாத பிள்ளை. காயட்டும், காய்ஞ்சா அரைவாசி தானாக் கொட்டும்" என்றார். அன்றிலிருந்து காயவிட்டு, நன்றாக உதறி, பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுகிறேன். சட்டையை உட்புறம் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் சன்லைட் கட்டியைத் தேய்த்து அரை மணித்தியாலம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். மங்கலாகச் செம்மஞ்சள் தடம் மிஞ்சினால் தேசிக்காய்ப்புளியில் உப்புக் கலந்து பூசி, ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்து அலசுகிறேன். புளியில் உள்ள சித்திரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக் கரைக்கும்.

குளோரின் திரவத்தை இந்தக் கறைக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். மண் தடம் போகாமல், துருப் பிடித்ததுபோல் இன்னும் கடுமையான மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. புதுச் சட்டை, ஒரு மாதம்கூடப் போடவில்லை. இன்னொன்று, குளோரின் பட்ட உடுப்பில் தேசிக்காயோ வினாகிரியோ விடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். பிள்ளைகள் கிணற்றடியைச் சுற்றித்தான் விளையாடுகிறார்கள், ஆகவே அந்தப் போத்தலை நான் வீட்டுக்குள் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக வாங்கியதுதான் ஒக்சிஜன் பவுடர். பைக்கற்றின் பின்னால் சோடியம் பெர்கார்பனேட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டரை வருடமாகப் பாவிக்கிறேன். பச்சைத் தண்ணீரில் போட்டால் மெதுவாகத்தான் வேலை செய்யும், முதல் பைக்கற்றை அப்படித்தான் வீணாக்கினேன். கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீர் ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவிட வேண்டும். நாவல்பழம், தேநீர், கழுத்துப் பட்டி ஊத்தை எல்லாம் நன்றாக வெளிக்கிடும். நிற உடுப்பென்றால் மடிப்பு ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். கரைத்த தண்ணீரைப் போத்தலில் அடைத்து வைக்க வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். செம்மண்ணுக்கு இந்தப் பவுடரால் பிரயோசனம் இல்லை.

பனம்பழச் சாறும் இந்தப் பவுடருக்குப் போகிறது. போரால் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் சவர்க்காரம் கிடைக்காமல் எங்கள் சனம் பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தது. அம்மாவும் தோய்த்திருக்கிறார். அந்த வாசத்துக்கு மாடு கொடியடிக்கு வந்து உடுப்பைச் சப்பும் என்று சொல்வார். அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர் சொல்லும் யோசனை என்பதால் அம்மாவின் பேச்சை நான் தட்டுவதில்லை.

வைகாசி, ஆனியில் காட்டுப் பாலை மரத்தின் பழமான பாலைப்பழம் வந்துவிடும். சட்டைப் பைக்குள் பழத்தைப் போட்டுக்கொண்டு வந்தால் அதன் பால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு அசையாது. தேங்காய் எண்ணெய் தடவி, இளகியதும் துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் எண்ணெய்க்குச் சவர்க்காரம் போட்டால் சரி.

மஞ்சள் போட்ட கறி சிந்தின இடத்தில் சவர்க்காரம் பட்டவுடன் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. அலசினால் மறுபடி மஞ்சளாகும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போடுங்கள், மங்கி மறைந்துவிடும். இரத்தக் கறைக்கு மட்டும் சுடுதண்ணீர் கூடாது. பச்சைத் தண்ணீரில் உடனே அலச வேண்டும், சூடு பட்டால் இறுகிவிடும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினம், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறது. அந்தத் தண்ணீரில் பார் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து, உடுப்பில் படிந்து வெள்ளையைச் சாம்பலாக்கும். அதனால் கறை உள்ள இடத்துக்கு மட்டும் கட்டி, மற்றதெல்லாம் சலவைத்தூள். மாரியில் கூரைப் பீலியால் வடியும் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு எடுக்கிறேன். அந்த மாதங்களில் வெள்ளை உடுப்பின் நிறமே வேறு.

வாழையை வெட்டும்போது வடியும் பாலின் கறையான வாழைக்கயரிடம் மட்டும் நான் தோற்றுவிட்டேன். பட்ட உடனே நிறமே தெரியாது, காய்ந்தபின் கறுத்துவிடும். தேசிக்காய், பவுடர், வெயில் எல்லாம் செய்தும் ஒரு சட்டையில் இன்னும் இருக்கிறது. இப்போது தாத்தாவோடு வாழைக்குலை வெட்டப் போகும் நாளில் மகனுக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டு அனுப்புகிறேன்.