பழைய ஸ்பேனருக்கு எவாப்போ-ரஸ்ட்: துரு போகும், எழுத்து நிற்கும்

பழைய கைக்கருவியில் துருவை எடுப்பது பெரிய வித்தை இல்லை. பெஞ்ச் கிரைண்டரில் வயர் வீலை மாட்டிக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் பளபளத்துவிடும். கூடவே, மேலே குத்தியிருந்த எழுத்தும் பாதி மழுங்கிவிடும். எழுத்து போன பழைய ஸ்பேனர் ஊமைதான். எவாப்போ-ரஸ்ட் என்ற துரு நீக்கும் திரவத்தை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும். வேகத்தில் போட்டி என்றால் அது தோற்றுவிடும்.

பழைய பிரிட்டிஷ் மரை அளவான விட்வொர்த்துக்குச் செய்த ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாயின் ஓரத்தில் 1/4 டபிள்யூ என்றும் 5/16 பிஎஸ் என்றும் இரண்டு எண் இருக்கும். டபிள்யூ என்றால் விட்வொர்த், பிஎஸ் என்றால் பிஎஸ்எஃப் எனும் நெருக்கமான மரை வகை. இரண்டுமே வாயின் அகலம் கிடையாது, போல்ட்டின் விட்டம். கால் அங்குல விட்வொர்த் நட்டும் 5/16 பிஎஸ்எஃப் நட்டும் ஒரே குறுக்களவு: 0.525 அங்குலம், அதாவது ஏறக்குறைய 13.3 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் ஏறாது, 14 போட்டால் மூலை உருண்டுவிடும். அந்த எண் அழிந்துவிட்டால் வெர்னியரும் கையுமாக உட்கார வேண்டியதுதான். அமெரிக்க ஸ்னாப்-ஆன் கம்பெனியின் கருவிகளில் ஆண்டுக்கு ஆண்டு மாறும் சின்னக் குறி ஒன்று குத்தியிருக்கும். அதை வைத்துத்தான் வயதே சொல்ல முடியும். பிளாம்ப் என்ற இன்னொரு அமெரிக்கக் கருவிக் கம்பெனி தன் பெயரை நடுவில் ‘வி’ போட்டு பி-எல்-வி-எம்-பி என்று குத்தியது. 1940களின் கடைசியில் அதன் கருவிகளின் பிராண்டு புரோட்டோ என்று மாறியது. சேகரிப்பவருக்கு அந்த ஒரு எழுத்தே போதும்.

இனி திரவம். தண்ணீரில் கரைந்த கலவை, பி.எச். கிட்டத்தட்ட நடுநிலை. துருவில் இருக்கும் இரும்பைக் கவ்விக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும். உருக்கில் இருக்கும் இரும்பு உலோகமாக இறுகிக் கிடப்பதால் அதன் பிடிக்குள் வராது. வினிகர் அப்படியில்லை. துருவைத் தின்றுவிட்டு உருக்கையும் கொறிக்க ஆரம்பிக்கும். ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, மெல்லிய எழுத்தின் விளிம்பு கரைந்திருக்கும். அமிலத்தால் வரும் இன்னொரு வம்பு, கடினமாக்கிய உருக்குக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்க வைப்பது. ராட்செட்டின் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) சின்ன ஸ்ப்ரிங்குகள் இதில்தான் முதலில் போகும்.

ஊறப்போடுவதற்கு முன் செய்யும் வேலைதான் பாதி பலனைத் தீர்மானிக்கிறது. இது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்காது. கிரீஸ் படிந்த இடத்தில் திரவம் தொடவே தொடாது. எடுத்துப் பார்த்தால் சிறுத்தைப் புள்ளி மாதிரி அங்கங்கே துரு அப்படியே இருக்கும். திரவம் சரியில்லை என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான். முதலில் மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிறகு வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால் பிசுக்கு போய்விட்டது என்று அர்த்தம்.

கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட வேண்டும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரில் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் உருட்டும் திருகு, அதன் ஊசி, ஸ்ப்ரிங், நகரும் தாடை நான்கும் தனியாக வந்துவிடும். ராட்செட்டில் மூடியைத் திறக்கும்போது ஒரு துணிக்குள் வைத்துத் திறங்கள். உள்ளே இருக்கும் மிளகு அளவு குண்டும் ஸ்ப்ரிங்கும் தெறித்தால் தேடி எடுப்பது கஷ்டம். பாவ்ல், அதாவது பல்லில் மாட்டும் கொக்கி, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளையரின் ரிவிட்டைக் கழற்ற முடியாது. இறுகியிருந்தால் முதலில் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) சரிபாதி கலந்து விட்டு இளக்குங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு கூடாது. இளகியதும் பிசுக்கைக் கழுவி ஊறப்போட்டு, மணிக்கொருமுறை திரவத்துக்குள்ளேயே நாலு தடவை திறந்து மூடினால்தான் இடுக்கில் இருக்கும் பழைய திரவம் வெளியேறிப் புதியது உள்ளே போகும்.

கருவி முழுசாக மூழ்க வேண்டும். கைப்பிடி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், திரவமும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு அரித்துவிடும். அது பாலிஷிலும் எளிதில் போகாது. திரவம் விலை கூடியது, வாளி வாளியாக ஊற்ற யாருக்கும் மனசு வராது. இறுகிய போல்ட்டை நெம்பும் நீளமான பிரேக்கர் பாருக்கு ஒரு பக்கம் மூடிய பிவிசி குழாய் கச்சிதம். சாக்கெட் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு கனமான ஜிப் பை போதும். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, ஒழுகினாலும் பிடிக்க ஒரு தட்டில் படுக்க வையுங்கள். சாக்கெட்டை வாய் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு அந்த வட்டம் மட்டும் சிவப்பாகவே நிற்கும்.

குளிர்ந்த அறையில் வேலை படுமந்தம். பாத்திரத்தை வெந்நீர்த் தொட்டியில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் நேரம் நன்றாகக் குறையும். லேசான துருவுக்கு ஓரிரண்டு மணி நேரம், தடித்த பொருக்குக்கு ஒரு இரவு. நடுவில் ஒருமுறை எடுத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் திரும்பப் போட்டால் நேரம் குறையும். தேய்க்காமலே எல்லாம் போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை.

எடுக்கும்போது கருவி கறுத்த சாம்பல் நிறத்தில் இருக்கும், விரலில் கரி ஒட்டும். பலர் பயந்துவிடுகிறார்கள். கார்பன் அதிகமுள்ள உருக்கில், இரும்புத் துரு போன இடத்தில் கார்பன் மட்டும் மிச்சம் நிற்கிறது, அவ்வளவுதான். ஸ்காட்ச்-பிரைட் நாரும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் கழன்றுவிடும். துரு தின்ற குழிகள் குழிகளாகத்தான் இருக்கும். போன உலோகம் எதனாலும் திரும்பி வராது.

குரோம் பூச்சுள்ள ஸ்பேனரில் ஒரு எச்சரிக்கை. பூச்சுக்கு அடியில் புகுந்த துருதான் சில இடங்களில் அந்தப் பூச்சைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கும். துரு கரைந்ததும் குரோம் செதிலாக எழும்பி நிற்கும், பிளேடு மாதிரி வெட்டும். கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.

கறுப்பு ஆக்ஸைடு பூச்சுள்ள கருவியை இதில் போடவே கூடாது. அந்தக் கறுப்பும் இரும்பு ஆக்ஸைடுதான். திரவத்துக்கு நல்லது கெட்டது தெரியாது, உரித்துவிடும். அதற்கு எண்ணெய் தடவி 0000 நம்பர், அதாவது மிக நைசான ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தேய்ப்பதே சரி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நிக்கலுக்கும் குரோமுக்கும் தட்டுப்பாடு வந்ததால் காட்மியம் பூசிய அமெரிக்கக் கருவிகளும் உண்டு. மங்கிய வெள்ளி நிறமாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். காட்மியம் தூள் நுரையீரலுக்கு விஷம். அதை வயர் வீலில் காட்டுவதோ, சாண்ட் பேப்பர் போடுவதோ வேண்டாம்.

பெரிய வைஸ் மாதிரி சாமானுக்கு இந்தத் திரவம் கட்டுபடியாகாது. அங்கே மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுக்கும் மின்பகுப்புதான் சரி: நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை வைஸுக்கு, பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, விஷமான குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். குரோம் பூசிய கருவிகளை இதில் போட்டால் பூச்சு உரிய வாய்ப்பு அதிகம்; அந்த வகையில் எவாப்போ-ரஸ்ட்தான் பாதுகாப்பு.

வெளியே எடுத்துக் கழுவியதும் தாமதிக்கக் கூடாது. துரு போன உருக்கு அம்மணமாக நிற்கிறது, ஈரம் பட்ட கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு நிறம் பூக்கும். ஹேர் டிரையரால் கை சுடும் அளவுக்குச் சூடாக்கி, டபிள்யூடி-40 அடித்து இடுக்கில் இருக்கும் தண்ணீரை விரட்டுங்கள். அது நீடித்த காப்பு இல்லை; துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெயோ பேஸ்ட் வேக்ஸோ பூச வேண்டும். ராட்செட்டுக்குள் கெட்டி கிரீஸை அப்ப வேண்டாம். பாவ்ல் அதில் ஒட்டிக்கொண்டு பல்லில் முழுசாக உட்காராது, பலமாக இழுக்கும்போது நழுவி விரல் முட்டி அடிபடும். நாலு சொட்டு எண்ணெய் போதும்.

பயன்படுத்திய திரவத்தைத் துணியில் வடிகட்டித் தனி பாட்டிலில் வையுங்கள், புதியதோடு கலக்காதீர்கள். கறுத்துப்போனாலும் லேசான துருவுக்கு இன்னும் சில முறை வரும். ஒரு இரவு ஊறியும் துரு அசையவில்லை என்றால் அதன் ஆயுசு முடிந்தது.