இந்தியன் டாய்லெட்டை உடைப்பதா, மேலே கம்மோடு சேர் போடுவதா?

அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். அப்பாவுக்குப் பார்க்கின்சன். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பாட்டிக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி இல்லை. நான்கு பேருக்கும் கடையில் ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஒரு கம்மோடு சேர் வாங்கிக்கங்க, ரெண்டு கம்பி அடிங்க, ஒரு ரப்பர் மேட் போடுங்க." இந்த மூன்றும் ஒருவருக்குக் கைகொடுக்கும், இன்னொருவரைச் சறுக்கி விழவைக்கும். எழுந்திருக்கப் பலம் இல்லையா, ஒரு பக்கம் வரவில்லையா, நடை உறைகிறதா, உணர்ச்சி போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் பொருளைத் தேட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் அடிக்கடி விழும் இடங்களில் ஒன்று பாத்ரூம் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

உட்காரும் இடம்

முதலில் ஓர் அளவு எடுங்கள். அவரை நாற்காலியில் பாதம் தரையில் படிய உட்கார வைத்து, முழங்காலின் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அந்த அளவுக்குச் சமமாகவோ, மூட்டு வலி இருந்தால் அதைவிட 5 செ.மீ. வரை கூடுதலாகவோ இருக்கை அமைய வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் 45 முதல் 48 செ.மீ. என்கிறது. பொதுக் கட்டடத்துக்கு அது சரி. ஐந்தடிக்கும் குறைவான பாட்டிக்கு அந்த உயரத்தில் கால் தொங்கும். தொங்கும் காலால் தரையை ஊன்றி எழ முடியாது, மலம் கழிக்க முக்கவும் வராது. வீட்டில் யாருக்காக மாற்றுகிறீர்களோ அவருடைய காலின் அளவுதான் கணக்கு.

இந்தியன் டாய்லெட்டின் மேல் கம்மோடு சேர், அதாவது இருக்கையில் துளையுள்ள நாற்காலி, போடுவது ஒரு நாளில் முடிகிற வேலை. வாடகை வீட்டிலும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களிலும் இதற்கு ஈடில்லை. ஆனால் வாங்கும் முன் கக்கூஸின் தரையைப் பாருங்கள். பழைய வீடுகளில் பேசின் ஒரு படி உயரமான திண்டில் பதித்திருக்கும். சேரின் முன்கால் இரண்டும் அந்தத் திண்டின் விளிம்பில் நின்றால், அவர் எழுவதற்காக முன்னால் சாயும் கணத்தில் கால் விளிம்பிலிருந்து இறங்கிவிடும். நான்கு காலும் சமதளத்தில், விளிம்பிலிருந்து ஒரு கையகலமாவது உள்ளே நிற்காவிட்டால் அந்த இடத்துக்குச் சேர் ஆகாது.

அடுத்தது தெறிப்பு. இருக்கைக்கும் பேசினுக்கும் நடுவே 35, 40 செ.மீ. இடைவெளி இருப்பதால் சிறுநீர் வெளியே தெறித்துத் தரை வழுக்கும். சேரோடு வரும் வாளியின் அடிப்பாகத்தை அறுத்துவிட்டு மாட்டினால் அது புனல்போல வேலை செய்யும். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பவுடர் கோட்டிங் அடித்த இரும்புச் சேர் போர்வெல் உப்புத் தண்ணீரில் வெகு நாள் தாங்காது. துரு மேலே தெரியாது, காலின் அடியில் ரப்பர் குப்பிக்குள் தேங்கும் நீரில்தான் தொடங்கும். மாதம் ஒருமுறை அந்தக் குப்பியைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேருக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது வீண் இல்லை.

பக்கவாதக்காரருக்கு இந்தச் சேரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவர் நல்ல கையால் ஒரே கைப்பிடியை அழுத்தி எழுவார். பாரம் ஒரு பக்கமே இறங்க, சேரின் எதிர்ப்பக்கக் கால் தரையைவிட்டு எழும்பும். சக்கரம் வைத்த சேரில் இது இன்னும் மோசம். ஈரத்தில் பிரேக் போட்ட சக்கரமும் வழுக்கும். வேறு வழியே இல்லையென்றால் மடங்காத சேராக வாங்கி, முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவையுங்கள். எழும்போது பிடிக்கச் சுவரில் தனியாகக் கம்பி இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வெஸ்டர்ன் இருந்து உயரம் போதவில்லையென்றால், அதன்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உயர்த்தி 5, 10, 15 செ.மீ. அளவுகளில் கிடைக்கிறது. மூட்டு வலிக்கு மட்டும் என்றால் இது போதும். பக்கவாட்டில் திருகும் கவ்வி உள்ளதையே வாங்குங்கள். வெறுமனே உட்கார்ந்திருக்கும் வகை, கழுவுவதற்காக ஒரு பக்கம் சாயும்போது நகரும். உட்கார வரும்போது இருக்கை இடம் மாறியிருப்பது பார்க்கின்சன்காரரின் கண்ணில் படாது. அவர் திரும்பி, பின்னால் பார்க்காமல்தான் உட்காருவார்.

வருஷக்கணக்கில் போகும் நோய்க்கு, சொந்த வீட்டில், உடைத்து வெஸ்டர்ன் பதிப்பதே சரி என்பது எங்கள் தீர்ப்பு. வேலை பெரிது. அடுக்குமாடியில் பேசினுக்குக் கீழே நிரப்பிய தளத்தைத் தோண்டும்போது வாட்டர் புரூஃபிங் கிழியும், கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். பூச்சு முடிந்து காய்ந்ததும் தண்ணீர் தேக்கி ஒரு முழு நாளாவது விட்டு, கீழ் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்டச் சொல்ல வேண்டும். கம்மோடின் கழிவுக் குழாய் தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப், சுவருக்குள் போனால் பி டிராப். எஸ் டிராப் என்றால் முடிந்த சுவரிலிருந்து குழாயின் நடு வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். டைல்ஸின் கனத்தைச் சேர்க்க மறந்தால் கம்மோடு உட்காராது, பிளம்பர் வளைகுழாய் போட்டு ஒப்பேற்றுவார், பிறகு அடைப்பு ஓயாது.

கம்மோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் 40 முதல் 45 செ.மீ. தள்ளி இருந்தால் கம்பி கைக்கு எட்டும். அந்தச் சுவர் நல்ல கையின் பக்கம் வருமாறு பதியுங்கள். கொத்தனார் வந்த பிறகு இதை யோசித்தால் நேரம் கடந்துவிட்டது. உயரம் போதவில்லையென்றால் அடியில் 5 செ.மீ. கான்கிரீட் மேடை போடலாம். மேடை கம்மோடின் அடிப்பாகத்தைத் தாண்டி நீளக் கூடாது. எழுவதற்குப் பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும், அந்த இடத்தில் மேடை இருந்தால் குதிகால் இடிக்கும். இரண்டு விதமாகவும் பயன்படும் ஆங்கிலோ இந்தியனை இந்த நால்வரில் யாருக்கும் வாங்காதீர்கள். அகன்ற விளிம்பு ஈரமானால் வழுக்கும், கம்மோடு சேரின் காலுக்கும் அங்கே இடமில்லை.

கம்பி: உறிஞ்சிக் கப்பா, துளையா?

டைல்ஸில் அழுத்தி ஒட்டும் உறிஞ்சிக் கப்புக் கம்பியைச் சுவரில் துளை போட மனசில்லாதவர்கள் வாங்குகிறார்கள். கப்பின் முழு வட்டமும் வழவழப்பான ஒரே டைல்ஸுக்குள் அடங்கினால்தான் காற்று வெளியேறிப் பிடிக்கும். டைல்ஸ் இணைப்புக் கோடு கப்புக்கு அடியில் வந்தால் அந்தக் கோடு வழியே காற்று நுழையும். காலையில் இறுகப் பிடித்தது சாயங்காலம் தளர்ந்திருக்கலாம், பார்த்தால் தெரியாது. நிற்கும்போது நிதானத்துக்கு ஒரு விரல் வைக்க அது போதும். விழுகிறவர் தன் முழு எடையையும் அதில் தொங்கவிட்டால் கம்பியும் கையோடு வரும். டவல் கம்பியும் அப்படித்தான். ஆபத்து வேளையில் கை எதைப் பார்த்தாலும் பற்றும், அதனால் விழும் தூரத்தில் இருக்கும் டவல் கம்பியை முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள்.

துளையிட்டுப் பொருத்தும் கம்பிக்கு அளவு முக்கியம். விட்டம் 32 முதல் 38 மி.மீ. இருக்கட்டும். கம்பிக்கும் சுவருக்கும் இடைவெளி 38 மி.மீ. அளவில் இருக்கட்டும். அதிகம் விட்டால் கை நழுவும்போது முழங்கை வரை உள்ளே போய் முறியும். அமெரிக்க அணுகல் விதி ஒரு கம்பி 113 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. வீட்டிலும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

தோல்வி பெரும்பாலும் கம்பியில் இல்லை, சுவரில் இருக்கிறது. டைல்ஸும் சிமென்ட் பூச்சும் சேர்ந்தே இரண்டு, இரண்டரை செ.மீ. கனம் வரும். ஒரு இன்ச் ஸ்க்ரூ போட்டால் அது செங்கல்லைத் தொடவே இல்லை. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 5 செ.மீ. இறங்க வேண்டும், ஆகவே 75 மி.மீ.க்குக் குறையாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. டைல்ஸைத் துளைக்கும்வரை டிரில்லில் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு டைல்ஸ் பிட்டால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். செங்கல் வந்த பிறகு விசையைப் போடலாம். தட்டிப் பார்த்து 'டொக்' என்று வெற்றொலி வரும் டைல்ஸில் துளையிட்டால் இறுக்கும்போது விரிசல் விடும். ஹாலோ பிளாக் சுவரென்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் உள்ளே சுழலும், வலைக்குழாய் செருகி ரசாயனப் பிசின் ஊற்றும் முறையே பிடிக்கும்.

படுக்கை வாட்டக் கம்பி அழுத்தி எழுவதற்கு, நெட்டுவாட்டக் கம்பி இழுத்து எழுவதற்கு. மூட்டு வலிக்கு முதலாவது நன்றாக உதவும். பார்க்கின்சன்காரர் எழும்போது பின்னால் சாய்ந்து மறுபடி உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இருக்கையின் முன்விளிம்பைத் தாண்டி, கொஞ்சம் முன்னே நெட்டுவாட்டக் கம்பி இருந்தால் உடம்பு முன்னால் வரும்.

தரையில்தான் நோய்கள் மோதுகின்றன

பார்க்கின்சனில் பாதம் தரையிலிருந்து அதிகம் உயராது, தேய்த்தபடி நடப்பார். ரப்பர் மேட்டின் விளிம்பு அவருக்குத் தடைக்கல். பாத்ரூம் வாசலில் போட்ட மிதியடியும் அப்படியே, இன்றைக்கே எடுத்துவிடலாம். வாசல் போன்ற குறுகலான இடத்தில் நடை சட்டென்று உறைந்து, கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். வாசலுக்கு முன்னும் பின்னும் தரையின் நிறத்துக்கு எதிரான நிறத்தில் பட்டை டேப்பை, அவருடைய ஓரடி அளவு இடைவெளியில் குறுக்கே ஒட்டினால், அதைத் தாண்ட வேண்டும் என்ற நினைப்பே காலை எடுக்க வைக்கும். எல்லோருக்கும் பலிக்காது. செலவு குறைவு என்பதால் முயன்று பார்க்கலாம்.

டைல்ஸ் மாற்றுவதானால் மினுங்கும் விட்ரிஃபைடு வேண்டாம். சறுக்காத தன்மையைக் குறிக்கும் 'ஆர்' எண் கூடக் கூடப் பிடிப்பும் கூடும்; ஆர் 11 தர முத்திரையுள்ள சொரசொரப்பு ஈரத்திலும் பிடிக்கும். ஆர் 9 குளியலறைக்குப் போதாது. பழைய டைல்ஸை விட்டுவிட்டு மேலே பூசும் சறுக்குத் தடுப்புக் கோட்டிங் அதைவிட மலிவு. ஆனால் சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்த வெள்ளைப் படலம் அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்கும் ஆள் வீட்டில் இல்லையென்றால் சில மாதங்களில் பழைய வழுக்கலே திரும்பும்.

இதே சொரசொரப்பு சர்க்கரைப் பாட்டிக்குக் கேடு. உணர்ச்சியற்ற பாதம் தேய்வது அவருக்குத் தெரியாது, சிராய்ப்பு புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகுதான் கண்ணில் படும். பார்க்கின்சன்காரரும் பாட்டியும் ஒரே பாத்ரூமைப் புழங்கினால் தரையைச் சொரசொரப்பாக வைத்துக்கொண்டு, பாட்டிக்குப் பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பொன்றைப் பாத்ரூமுக்கென்றே ஒதுக்குங்கள். வேலூரில் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களுக்காக டாக்டர் பால் பிராண்டும் அவர் குழுவினரும் பயன்படுத்திய அதே மென்ரப்பர் அது. குளித்ததும் விரலிடுக்கைத் துடைத்து, செருப்பையும் காய வைக்க வேண்டும். மேட் போடும் யோசனை இந்த வீட்டுக்கு வேண்டவே வேண்டாம், அடியில் பாசி பிடிக்கும்.

வெந்நீர்: ஸ்டோரேஜ் கீசரா, இன்ஸ்டன்ட்டா?

60 டிகிரி நீர் பெரியவர் தோலை ஐந்து வினாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். பாதத்தில் உணர்ச்சி உள்ளவர் ஒரு வினாடியில் காலை இழுத்துக்கொள்வார். பாட்டி இழுக்க மாட்டார். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரில் குழாயைக் கொஞ்சம் மூடினாலே நீர் சூடேறும், பக்கத்து அறையில் யாராவது குழாயைத் திறந்தாலும் சூடு மாறும். ஸ்டோரேஜ் கீசரில் ஏற்ற இறக்கம் குறைவு, ஆனால் தேங்கியிருப்பது முழுக்கத் தோலைச் சுடும் அளவு சூடான நீராக இருக்கக்கூடும். ஷவரில் குளிப்பவர்களுக்கு ஸ்டோரேஜோடு, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் வெப்பச் சமன் வால்வு பொருத்துவதே நல்ல ஏற்பாடு. வாளிக் குளியலுக்கு இரண்டுமே ஒன்றுதான், ஊற்றும் வரிசை மட்டும் மாறக் கூடாது: வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும், காலை விட்டல்ல. பார்ப்பது வேறொருவராக இருந்தால் இன்னும் நல்லது.

வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு மக்குக்கும் குனிந்து நிமிர வேண்டும். பார்க்கின்சனிலும் நீண்ட நாள் சர்க்கரையிலும் நிமிரும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வாளியை உறுதியான முக்காலியில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, அவரைக் கைப்பிடியும் முதுகும் உள்ள குளியல் நாற்காலியில் உட்கார வையுங்கள். சாப்பாட்டு மேசைக்குப் போடும் வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். ஈர டைல்ஸில் அதன் கால்கள் நான்கு பக்கமும் விரிந்து திடீரென்று படுத்துவிடும்.

கதவு

உள்ளே விழுந்தவர் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் மேல் இடிக்காமல் திறக்க முடியாது. பி.வி.சி. கதவு என்றால் கீல்களை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்வது தச்சருக்கு அரை நாள் வேலை. வெளியே இடமில்லாதபோது மடிப்புக் கதவு போடலாம், ஆனால் நடக்கிறவர் அதைப் பிடித்து நிதானிக்கப் பார்த்தால் அது தாங்காது. எதை வைத்தாலும் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து காசைச் செருகித் திருப்பித் திறக்கும் வகைப் பூட்டு வையுங்கள். பெரியவர் வெட்கப்பட்டு ஒப்புக்கொள்ளாவிட்டால், 'ஆள் இருக்கு' என்று காட்டும் சிவப்பு, பச்சைக் குறியுள்ள பூட்டாகவே வாங்கலாம். தாழ் போட்ட நிம்மதி அவருக்கு, திறக்கும் வழி உங்களுக்கு.