டீம்ஸ் லாகின் எரர் வந்தால் வெண்டருக்குப் போன் போடும் முன் இதைப் படியுங்கள்

மைக்ரோசாஃப்ட் 365-ஐ (மெயில், ஃபைல், அலுவலகத்தில் பேசிக்கொள்ளும் டீம்ஸ் ஆப் எல்லாம் சேர்ந்த சந்தா) உள்ளூர் வெண்டர் ஒருவரிடம் வாங்கி, "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்ட சின்ன அலுவலகங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்களும் அப்படித்தான் விட்டோம். கோவையில் 22 பேர் வேலை பார்க்கும் பேக்கிங் பொருள் கம்பெனி எங்களுடையது. அலுவலக நிர்வாகம், சம்பளம், பில் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஒரே வருடத்தில் மூன்று தடவை, தடவைக்கு 4,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 15,930 ரூபாய் கொடுத்திருக்கிறோம். மூன்றுமே காசே தேவைப்படாத வேலைகள்.

முதல் தடவை, கல்லூரி முடித்து நேராக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு டீம்ஸ் திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி, அதில் ஏஏடிஎஸ்டிஎஸ் 50020 என்று ஒரு எண், கீழே நீளமாக ஏதோ ஐடி. அந்தப் பத்தியைப் பார்த்ததுமே எனக்குக் கை ஓடவில்லை. வெண்டருக்குப் போன் செய்தேன். "டெனன்ட்ல ஐடென்டிட்டி கரப்ட் ஆயிருக்கு மேடம், ரீ-சின்க் பண்ணணும்" என்றார், அதாவது கம்பெனியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பையனின் அடையாளம் கெட்டுவிட்டது, மறுபடி சரிசெய்யணும் என்று. இரண்டு நாள் கழித்து எனிடெஸ்க்கில் (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ஆப்) உள்ளே வந்து அரை மணி நேரம் என்னென்னவோ கிளிக் செய்தார், திறந்தது. பில்லில் "ஐடென்டிட்டி ரீ-சின்க்" என்றே போட்டிருந்தார். அந்த இரண்டு நாளும் பையன் சும்மா உட்கார்ந்திருந்தான், பாவம், தன்மேல்தான் தப்போ என்று பயந்துகொண்டு.

இரண்டாவது, வேலைகளைக் குறித்து வைக்கிற ஒரு ஆப்பை டீம்ஸுக்குள் சேர்த்தபோது "அட்மின் ஒப்புதல் தேவை" என்று வந்து நின்றது. ஆப்பை இணைக்கத் தனியாகக் கனெக்டர் லைசென்ஸ் வேண்டும் என்றார் வெண்டர். மூன்றாவது, டிஸ்பேட்ச் ஃபோல்டரைத் திறந்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தது. அதற்கும் அதே 4,500.

நான்காவது தடவைதான் கண் திறந்தது. பிப்ரவரியில் அக்கவுண்ட்ஸுக்கு வந்த புதுப் பெண்ணுக்கு அதே 50020. நான் போனை எடுத்துவிட்டேன். அவள், "அக்கா, ஒரு நிமிஷம் இருங்க, இதுல என் காலேஜ் மெயில்ல காட்டுது" என்றாள். குனிந்து பார்த்தால் உண்மைதான், அந்தப் பத்தியின் முதல் வரியிலேயே அவளுடைய கல்லூரி மெயில் முகவரி, பக்கத்தில் எங்கள் கம்பெனி பெயர். இந்தக் கணக்கு இந்த நிறுவனத்தில் இல்லை, வெளியே போய் வேறு கணக்கில் வாருங்கள் என்றுதான் அந்த எரர் சொல்கிறது. கல்லூரியில் கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கு பிரவுசரில் அப்படியே லாகின் ஆகி இருந்திருக்கிறது, எங்கள் லிங்க்கைத் தொட்டதும் அதையே எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. பழைய லாகின் எதையும் எடுத்துக்கொள்ளாத இன்காக்னிட்டோ விண்டோ திறந்து கம்பெனி மெயிலை அடித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் தடவை ஜிஎஸ்டியோடு கொடுத்த 5,310 ரூபாய்க்காக மட்டும் இல்லை, எழுத்தில் இருந்ததை நான் படிக்காமல் விட்டதை நினைத்து.

அன்று ராத்திரியே உட்கார்ந்து மற்ற இரண்டையும் படித்தேன். அட்மின் ஒப்புதல் என்பது, அந்த ஆப் என்னென்ன தகவல் கேட்கிறது என்று பார்த்து அட்மின் கணக்கில் இருப்பவர் சரி என்று அழுத்துவது, அவ்வளவுதான், அதற்கு லைசென்ஸ் எதுவும் கிடையாது. டீம்ஸில் நாம் பார்க்கும் ஃபோல்டர் உள்ளே ஷேர்பாயின்டில் (மைக்ரோசாஃப்ட் ஃபைல்களை வைக்கும் இடம்) இருக்கிறது, அந்த டீமின், அதாவது டீம்ஸுக்குள் இருக்கும் அந்தக் குழுவின் ஓனர் ஆளைச் சேர்த்துவிட்டால் திறந்துவிடும். எங்கள் எல்லா டீமுக்கும் ஓனர் யார் என்று பார்த்தேன். வெண்டர். நாங்கள் யாருமே இல்லை.

மறுநாள் அட்மின் பாஸ்வேர்டு கேட்டேன். "செக்யூரிட்டி பாலிசி மேடம், கொடுக்க முடியாது" என்றார். முதலாளி பேசியதும், ஹேண்டோவர் சார்ஜ் 40,000 என்றார். எங்கள் மெயில், எங்கள் ஃபைல், மாதாமாதம் நாங்கள் கட்டும் பணம், ஆனால் எல்லாவற்றையும் மாற்ற அதிகாரம் உள்ள குளோபல் அட்மின் கணக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அவர் பெயரில்!

எங்களைக் காப்பாற்றியது ஒரே விஷயம், டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) முதலாளி பெயரில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டுக்குப் போன் செய்து அட்மின் கணக்கு எங்கள் கையில் இல்லை என்று சொன்னால், அதற்கென்று இருக்கும் டேட்டா புரொடெக்‌ஷன் டீமுக்கு மாற்றுகிறார்கள். டொமைன் நம்முடையது என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். போனும் மெயிலுமாக மூன்று வாரம் அலைந்தோம், ஆனால் கிடைத்தது. டொமைனையும் வெண்டரே தன் பெயரில் வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன், அதனால் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

உள்ளே போனதும் தெரிந்தது இன்னும் மோசம். எங்கள் அக்கவுண்ட்ஸ் மெயில் பெட்டியைத் திறந்து படிக்க வெண்டரின் கணக்குக்கு முழு அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. சப்ளையர் வங்கி விவரம், கொட்டேஷன், சம்பளப் பட்டியல் எல்லாம் அதில்தான் வரும். யார் எப்போது லாகின் செய்தார்கள் என்ற பட்டியல் மைக்ரோசாஃப்டில் கணக்குகளை நிர்வகிக்கும் என்ட்ராவில் இருக்கிறது (2023 வரை அஷ்யூர் ஏடி என்று பெயர்), ஆனால் எங்களிடம் இருப்பது போன்ற சாதாரண பிளானில் அது 7 நாள்தான் நிற்கும். யார் என்ன செய்தார்கள் என்ற பதிவு இருக்கும் பர்வியூ ஆடிட்டில் 180 நாள் வரை தேடலாம். அதற்கு முன்னால் அவர் எதைப் படித்தார் என்று எங்களுக்குத் தெரியவே போவதில்லை, எனக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான்.

அப்புறம் ஒன்று, எரர் திரையில் நீளமாக வரும் கோரிலேஷன் ஐடியையும் (அந்த லாகின் முயற்சிக்கான அடையாள எண்) நேரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள், அட்மின் பக்கத்தில் அதை வைத்துத் தேடினால் காரணம் ஓரளவு தெரிந்துவிடும். 50105 என்று வந்தால் அந்த ஆப்புக்கு உங்களை ஒதுக்கவில்லை என்று அர்த்தம். 53003 என்றால் கம்பெனியே வைத்த பாதுகாப்பு விதி தடுக்கிறது. இரண்டையும் அட்மின்தான் சரிசெய்ய முடியும். அதனால்தான் அந்தச் சாவி நம் கையில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

இப்போது குளோபல் அட்மின் இரண்டு கணக்கு, ஒன்று முதலாளியிடம், இன்னொன்றின் பாஸ்வேர்டு கவரில் ஒட்டி லாக்கரில். பணத்தைத் திருப்பிக் கேட்டோம், பதில் இல்லை. தொழிலுக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் நீதிமன்றம் நமக்குச் சரிவராது என்று வக்கீல் சொல்லிவிட்டார், நோட்டீஸ் மட்டும் போயிருக்கிறது. மூன்று பில்லும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பில்லிலும் "ஐடென்டிட்டி ரீ-சின்க்" என்று ஒரு வரி இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே கேட்போம்.